தக்காளிக் கறை

பழைய திரைச்சீலையில் தோழி கோமளா தைத்துக் கொடுத்த துணிப்பையை, அழுக்காகிவிடும் என்று மரகதம் அலமாரியிலேயே மடித்து வைத்திருந்தாள். பைக்கும் அதில் பெருமைதான்.

"உன்னை மாதிரி நான் சந்தைக்கு அலையறதில்லை" என்று கீழ்த்தட்டுப் பிளாஸ்டிக் பையிடம் சொல்லும்.

"கறிவேப்பிலை வாசனைகூட உனக்குத் தெரியாதே, பாவம்!" என்றது அது.

ஒருநாள் பிளாஸ்டிக் பை கிழிந்துபோக, துணிப்பை சந்தைக்குப் போனது. தக்காளி நசுங்கிப் பிடித்த கறை துவைத்தும் போகவில்லை. பை கூனிக் குறுகியது.

அன்று பார்த்துக் கோமளா வந்தாள். மரகதம் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். கோமளா வாங்கிப் பார்த்து, கறையைத் தடவினாள்.

"உனக்குப் பிடிக்கலையோன்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்டி."

அதன்பின் பை கதவுக் கொக்கியில் தொங்கியது. "நாளைக்கு என்ன வாங்கப் போறாங்க?" என்று கொக்கியிடம் மெல்லக் கேட்டது.