மழை எங்கே போச்சு?

ஆராய்ச்சி வேலை கேட்டு வந்த பொண்ணை மேலேயும் கீழேயும் பாத்தாரு பேராசிரியர். பல்கலைக்கழக வேலைன்னா சும்மாவா?

"பருவநிலை மாறி, இந்த வட்டாரத்துல மூணு வருஷமா மழை பாதியாயிடுச்சுன்னு நம்ம கம்ப்யூட்டர் அடிச்சுச் சொல்லுது. ஆனா ஏரி நிரம்பி வழியுது! ஏன்னு சொல்லிட்டா வேலை உனக்குத்தாம்மா."

"மூணு வருஷம் முன்னாடி உங்க மாடியில மழைமானியை ஒட்டித் தண்ணித்தொட்டி கட்டிட்டாங்க சார். அது பாதி மழையை மறைக்குது. தப்பான அளவைக் குடுத்தா கம்ப்யூட்டர் என்ன பண்ணும், பாவம்!"

"நாங்க மண்டையை உடைச்சுக்கிறோம், நீ உக்காந்த இடத்துல சொல்றியே! யாரு சொன்னா?"

"தினம் காலையில நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி மாடியேறி அளவெடுக்கிற அட்டெண்டரே நான்தான் சார். மாலைக் கல்லூரியில படிச்சுப் பட்டம் வாங்கினேன். தொட்டி மறைக்குதுன்னு பதிவேட்டுல தினமும் எழுதறேனே, யாரும் படிக்கலையா?"

பேராசிரியர் அசடு வழிஞ்சாரு.

"நாளையிலேர்ந்து நீ இங்கே உக்காரும்மா. மாடிக்கு நான் ஏறறேன்."