அடுப்பு எரியாத தெரு

புருஷன் குகனை எரித்துவிட்டு வந்த வதனி அடுப்பு மூட்டவில்லை. செத்தவீட்டில் உலை வைக்கக் கூடாது, அயலட்டைச் சனம்தான் சோறு கொண்டுவரும். நோர்வேச் சனமும் சனம்தானே.

"அம்மா, பசிக்குது," என்றாள் மகள் ஆரணி.

"பொறு பிள்ளை. ஆரேனும் வருவினம்."

பொழுதுபட, பக்கத்துவீட்டு இங்ரிட் வந்தாள். அகதிகளின் வழக்கங்களை அயலவருக்குச் சொல்லித்தரும் அரசாங்கக் கருவி அவள் காதில் மினுங்கியது.

"செத்தவீட்டில் அடுப்பு எரியக் கூடாதாம், இது சொன்னது," என்றாள் கண்கலங்கி. "உங்களைத் தனியாக விடுவோமா? இன்று இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் சமைக்கவில்லை. நாங்களும் பட்டினி."

வதனி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். இங்ரிட்டுக்குப் பின்னால் சோற்றுச் சட்டி ஏதும் இருக்கிறதா என்று ஆரணி எட்டிப்பார்த்தாள்.