மக்கள் பங்கேற்பு

பதினொரு மணிக்கு வரவேண்டிய அதிகாரி பன்னிரண்டாகியும் வரவில்லை. கலியமூர்த்தி கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

மத்திய அரசில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஜனக்புரியில் ஒரு பிளாக்கின் பூங்காக் கமிட்டித் தலைவர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை. அதை அவர் மக்களின் ஏகமனதான நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார்.

நகரத்தின் சிறந்த பூங்காவுக்கு விருது தரப்போகிறார்களாம். புல்லைப் பார்த்து அல்ல. மக்கள் எவ்வளவு பங்கேற்கிறார்கள் என்று பார்த்து. அதைப் பார்க்கத்தான் அதிகாரி வரவேண்டும்.

அங்கேதான் சிக்கல். அவருடைய பூங்காவில் புல் இருந்தது, ரோஜா இருந்தது, மூலைக்கு மூலை அறிவிப்புப் பலகை இருந்தது. மக்கள்தான் இல்லை.

சீட்டாடக் கூடாது. பட்டாணி உரிக்கக் கூடாது. கடலைத் தோல் போடக் கூடாது. உரக்கச் சிரிக்கக் கூடாது என்று எழுதாததற்குக் காரணம், பலகையில் இடம் போதவில்லை. டில்லிக் குளிரில் வெயில் காய வந்த அத்தனை பேரையும் ஒருமுறையாவது எழுப்பி அனுப்பியிருந்தார்.

ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய் நேரில் அழைத்தார்.

"வந்தவங்களையெல்லாம் வெரட்டிட்டு, இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுங்க போயிக் கூப்புடுவீங்க?" என்று சியாமளா கேட்டாள்.

மனைவி கேட்டது நியாயம்தான். ஆனால் அவரிடம் இருந்தது ஒரே முகம். அதையே எடுத்துக்கொண்டு போனார்.

அந்தத் தெருவில் எத்தனையோ வருஷமாக இருக்கிறார். பல வீடுகளுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். ஒவ்வொரு வீட்டிலும் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். அவருடைய சுற்றறிக்கைகளுக்கு யாரும் டீ கொடுத்ததில்லை.

இன்று எல்லோரும் வந்துவிட்டார்கள்.

எதிர்வீட்டு சேத்தியின் கோஷ்டி, சீட்டாடக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே ஜமக்காளம் விரித்துச் சீட்டாடியது. பெண்கள் பட்டாணி உரித்தார்கள். நடுவில் சியாமளா, மாயவரம் வாடை வீசும் இந்தியில் என்னவோ சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள். கின்னு ஆரஞ்சுத் தோல்கள் ரோஜாப் பாத்தியில் விழுந்தன.

கலியமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டார். பங்கேற்பு என்றால் இதெல்லாம் இருக்கும்.

கேட் பக்கம் ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்தது. நிமிர்ந்தார். அது நிற்காமல் போயிற்று.

"அரே மூர்த்தி சாப், உட்காருங்க. நீங்க அட்டென்ஷன்ல நின்னா கார் ஜல்தி வந்துடுமா?" என்றார் சேத்தி.

உட்கார்ந்தார். ஒரு கை குறைகிறதென்று சீட்டைத் திணித்தார்கள். அதிகாரி வரும்வரைதான் என்று சொல்லிவிட்டு ஆடினார். கூட்டாளி தப்பாக இறக்கிய சீட்டுக்கு, கோப்பில் குறிப்பு எழுதுகிற பாவனையில் கண்டனம் தெரிவித்தார். அடுத்த சீட்டை அவரே தப்பாக இறக்கினார்.

ஆண்கள் பக்கத்தில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். சியாமளா திரும்பிப் பார்த்தாள். அவள் புருஷன்தான்.

ஒரு மணி ஆனது. சாப்பாட்டு வேளை. இவர்கள் எழுந்து போய்விட்டால்? அதற்கப்புறம் அதிகாரி வந்து, காலிப் பூங்காவைப் பார்த்தால்?

அவர் வீட்டுப் போன் செத்து ஒரு வாரமாகிறது. அதிகாரி அலுவலகத்துக்கு சேத்தி வீட்டு எண்ணைத்தான் கொடுத்திருந்தார்.

"சேத்தி சாப், உங்க வீட்லேர்ந்து ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு வந்துடறேன். யாரும் எழுந்திருக்காதீங்க, ப்ளீஸ்" என்றார். அவர் வாயிலிருந்து ப்ளீஸ் வந்ததை அந்த பிளாக் முதல்முறையாகக் கேட்டது.

சேத்தி தன் சீட்டுகளை உற்றுப் பார்த்தார்.

சேத்தியின் மனைவி, உரிக்கிற கையை நிறுத்தாமலே சொன்னாள்: "உட்காருங்க பாய்சாப். போன் நேத்து சாயந்தரமே வந்துடுச்சு. அவங்க வரமாட்டாங்களாம். நம்ம பூங்கா போட்டியிலேயே இல்லையாம்."

கலியமூர்த்தி சுற்றிலும் பார்த்தார். யாருக்கும் இது புதுச் செய்தியாகத் தெரியவில்லை.

"அப்புறம் எதுக்கு எல்லாரும்…"

"நீங்க வீட்டுக்கு வந்து கூப்பிட்டீங்களே."

அவர் சியாமளாவைத் தேடினார்.

அவள் புல்லில் குனிந்து, உருண்டுபோன ஒரு பட்டாணியை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.