நூறு படுக்கைகள்

ஓட்டுநர் இல்லாத ஆம்புலன்ஸ் நின்றதும், பாம்பு கடித்த மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள் சந்தனமாரி. சுற்றிலும் சீமைக் கருவேலங்காடு. நடுவில் அமைச்சர் பெயர் பொறித்த திறப்புவிழாக் கல்வெட்டு மட்டும் நின்றது.

"இங்க ஆஸ்பத்திரியே இல்லையே. மதுரைக்குப் போயிரு," என்று வண்டியிடம் கெஞ்சினாள்.

"அரசுப் பதிவின்படி இங்கே நூறு படுக்கைகள் உள்ளன. பக்கத்தில் மருத்துவமனை இருக்கும்போது தொலைவுக்குச் செல்ல அனுமதியில்லை," என்றது வண்டி.

"கட்டாமலே கட்டுனதா எழுதிட்டானுங்க சாமி."

"நோயாளி ஒப்படைக்கப்பட்டார். நன்றி." கதவை மூடிக்கொண்டு அது அடுத்த அழைப்புக்குக் கிளம்பிப் போனது.

மகளுக்குக் கண் செருகியது. "டாக்டர் எங்கம்மா?"

"இந்தா, உள்ளதான் இருக்காரு," என்று சொல்லிவிட்டு, சந்தனமாரி முள்ளுக்குள் நடந்தாள். கொஞ்ச தூரம் போனபிறகு மகள் எதுவுமே கேட்கவில்லை.