இடுப்புக் கயிறு

உச்சி வெயிலில் ராணுவச் சரக்குக் கப்பல் மணலில் மூக்கை முட்டி நிற்கிறது. முகப்புக் கதவு கரையில் விழுந்து கிடக்க, அதன் வழியே லாரிகள் உறுமிக்கொண்டு இறங்குகின்றன. சிவப்புக் கொடி நட்டுத் தடுத்திருந்தும் பக்கத்திலேயே மீனவர்கள் கரைவலை இழுக்கிறார்கள். வலைக்குள் மீன் கொதிப்பது போலத் துள்ளுவதைப் பார்த்த பிறகு விட மனம் வரவில்லை. கடலிலிருந்து வரும் வலையின் வடத்தில் ஆளாளுக்கு இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு, பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுக்கிறார்கள். தண்ணீர் ஓரத்தில் முதல் ஆள் ஸுஹைர். அவனுக்குப் பின்னால் அவன் தங்கையைக் கட்டிய அஃப்ரித். நீரோட்டம் வடத்தைக் கப்பல் பக்கமாகத் தள்ளுகிறது. இறங்குகிற லாரியின் சக்கரம் அதைக் கவ்விச் சுருட்டுகிறது. வடம் விறைத்துக் கிறீச்சிடுகிறது. வரிசை மொத்தமும் குப்புற விழுந்து சக்கரத்தை நோக்கி இழுபடுகிறது. இடுப்பு முடிச்சுகள் இழுக்க இழுக்க இறுகுகின்றன. மணல் முழங்கால்களை உரிக்கிறது. எஞ்சின் சத்தத்தில் டிரைவருக்கு ஒரு கூச்சலும் கேட்கவில்லை. அஃப்ரித் இடுப்பில் செருகியிருந்த கத்தியை உருவுகிறான்.

"எனக்கு முன்னால அறு மச்சான், முன்னால!" என்று ஸுஹைர் அலறுகிறான்.

"எட்டலயே மச்சான்... அல்லாவே, எட்டலயே!"

அஃப்ரித் தன் கை எட்டிய இடத்தில், ஸுஹைருக்கும் தனக்கும் நடுவே, வடத்தை அறுக்கிறான். அவனும் அவனுக்குப் பின்னால் இருந்தவர்களும் அப்படியே நின்றுபோகிறார்கள். ஸுஹைரை மட்டும் வடம் சக்கரத்துக்கு இழுத்துப் போகிறது. சற்றுக் கழித்து லாரியும் நிற்கிறது. மணலில் கிடக்கும் ஒருவரும் தலையைத் தூக்கி முன்னால் பார்க்கவில்லை.