கழுத்துப் பொத்தான்

எடிட்டிங் அறை இருட்டில் திரை மட்டும் ஒளிர்கிறது. துப்பறியும் தொடரின் பெண் இன்ஸ்பெக்டர் நமக்குப் பாதி முதுகைக் காட்டி நின்று, மகளையே மறந்துபோன அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள். இந்தக் காட்சியை எழுதியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். எபிசோட் நீளமாகிவிட்டது, இயக்குநர் கத்தரி வைக்கப் பார்ப்பது இதில்தான். "கொலைகாரன் யாருன்னு ஊரே மண்டையப் பிய்ச்சுக்குது, இவ பொத்தான் போடுறாளாம்! தூக்குப்பா." "இவ யாருன்னே தெரியலன்னா, கொலைகாரனப் பிடிச்சா என்ன, விட்டா என்ன சார்?" என்கிறாள் எழுதியவள். "அப்ப டாக்டர் சீனத் தூக்கவா? விஷம் மாத்திரையிலன்னு உங்க பொத்தான் வந்து சொல்லுமா?"

எடிட்டர் சிரித்தபடி திரும்புகிறார். "சொல்லும் சார். டாக்டர் பேசுறத ஸ்பீக்கர் போன்ல வர்ற மாதிரி இதுமேல போட்டுடறேன். அவர் சீனே வேண்டாம்." ஓட்டிக் காட்டுகிறார். "விஷம் மாத்திரையிலதான் மேடம்," என்கிறது குரல். படப்பிடிப்பில் கை நழுவித் தடுமாறிய நடிகையின் விரல்கள், இப்போது அதைக் கேட்டுத் திகைத்ததுபோல் கழுத்துப் பொத்தானில் நின்றுவிடுகின்றன. அப்பாவின் கை மெல்ல எழுந்து, அந்தப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறது. இயக்குநர் திரையை நோக்கிக் குனிகிறார். "ஏம்ப்பா, அந்தப் பெரியவர் கை… இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே." எழுதியவள் இப்போதுதான் மூச்சை விடுகிறாள்.