குயிலுக்குப் பின்னால் என்ன நிறம்

புனிதவதியின் அச்சகக் கணினியில் ஒரு குயில் படம் இருந்தது. அலகிலிருந்து வால்வரை கன்னங்கரேல், கண் மட்டும் சிவப்பு. அதற்குப் பின்னணி கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் வைத்தால் மஞ்சளில் உட்காரும், பள்ளி மலரில் வைத்தால் பச்சையில் உட்காரும். எங்கேயும் ஒத்துப்போவதில் அதற்கு அப்படியொரு பெருமை.

பழைய வகைப் படங்களைப் புதிய கணினி திறக்க மறுத்தது. அவற்றை மாற்ற, கறுப்புத் திரையில் ஒரு கட்டளை வந்து நின்றது.

"புது வகையில பின்னணி இல்லாம இருக்க முடியாது தம்பி. உனக்கு என்ன நிறம் வேணும்?"

இதுவரை குயிலை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வெளிர்நீலம் என்று நாக்கு நுனிவரை வந்தது. தனக்காக ஒருவரைச் சிரமப்படுத்துவதா?

"எதுவானாலும் சரிண்ணே. அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன்."

"சொல்லலைன்னா நான் கறுப்புதான் போடுவேன்."

"பரவாயில்லண்ணே."

கட்டளை வேலையை நொடியில் முடித்துவிட்டுப் போனது.

மறுநாள் புனிதவதி படத்தைத் திறந்தாள். கறுப்புச் சதுரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

"இதுல ஒண்ணுமே இல்லையே" என்றபடி அழிக்கும் பொத்தானைத் தேடினாள்.

புள்ளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.